கிறிஸ்துமஸ் புத்தகம் செப்டம்பரிலேயே வந்துவிடும்

பிரிட்டனில் புதுப் புத்தகங்கள் வெளியாகும் கிழமை வியாழன். அவற்றில் ஒரு வியாழனுக்கு மட்டும் அங்குள்ள புத்தக வணிகர்கள் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'சூப்பர் தர்ஸ்டே'. பெரும்பாலும் அக்டோபர் தொடக்கத்தில் வரும் அந்த ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கெட்டி அட்டைப் புத்தகங்கள் கடைக்கு வந்து இறங்கும். நடிகரின் சுயசரிதை, கால்பந்து வீரரின் சுயசரிதை, தொலைக்காட்சிச் சமையல்காரரின் பளபளப்பான சமையல் நூல், புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளரின் புது நாவல் எல்லாம் ஒன்றாக வரும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு வாரம் இருக்கும். ஆனாலும் இவை அனைத்தும் கிறிஸ்துமஸ் புத்தகங்கள்தான்.

பண்டிகைக்கான சரக்கு இவ்வளவு முன்கூட்டியே ஏன் வருகிறது? ஒரு காலத்தில் இப்படி இல்லை. 1843 அக்டோபரில் எழுதத் தொடங்கிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையைச் சார்லஸ் டிக்கன்ஸ் ஆறே வாரத்தில் முடித்தார். அப்போது வந்துகொண்டிருந்த அவருடைய தொடர்கதை எதிர்பார்த்தபடி விற்கவில்லை, கையிலும் காசு இல்லை. அதனால் சாப்மன் அண்ட் ஹால் பதிப்பகத்திடம் உரிமையை விற்காமல், அச்சுச் செலவைத் தானே ஏற்றுக்கொண்டு, விற்பனைக்குக் கமிஷன் தருவதாகப் பேசிக்கொண்டார். செலவு தன்னுடையது என்றாலும் அழகில் குறை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அட்டைக்கு உட்புறம் ஒட்டும் தாள் மங்கிய ஆலிவ் நிறத்தில் வந்ததும் பிடிக்கவில்லை என்றார். மஞ்சளுக்கு மாற்றினார்கள். மஞ்சள் தலைப்புப் பக்கத்தின் நிறத்தோடு சேராமல் போகவே தலைப்புப் பக்கத்தையும் புதிதாக அச்சிட வேண்டியதாயிற்று. சிவப்புத் துணி பைண்டிங்கும் பொன்முலாம் பூசிய விளிம்புமாக வேலை முடிந்தபோது, வெளியீட்டு நாளான டிசம்பர் 19க்கு இரண்டே நாள் இருந்தது. சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நூலைக் கொண்டுவர டிசம்பர் முழுக்க அச்சகத்தில் தவம் கிடக்கும் நம்மூர்ப் பதிப்பாளர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

முதல் பதிப்பின் 6,000 பிரதிகளும் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளே தீர்ந்துவிட்டன. அச்சுச் செலவு அதிகம், விலையோ 5 ஷில்லிங்தான் என்பதால், 1,000 பவுண்டு எதிர்பார்த்த டிக்கன்ஸுக்குக் கிடைத்தது 230 பவுண்டு. ஆனால் பண்டிகைக்கு ஒரு வாரத்துக்குள் புத்தகம் போட்டும் விற்கலாம் என்பது அன்றைய நிலைமை. ஆண்டு முடிவதற்குள் மறுபதிப்புகளும் வந்துவிட்டன.

பண்டிகைக்கு முந்திக்கொள்ளும் வழக்கம் பிறகு வந்தது, அதோடு ஒரு சின்னத் தந்திரமும் சேர்ந்தது. நவம்பரிலோ டிசம்பரிலோ வரும் நூலில் அந்த ஆண்டைப் போட்டால் ஜனவரியில் அது 'போன வருஷத்துப் புத்தகம்' ஆகிவிடும். ஆகவே அடுத்த ஆண்டையே அச்சடித்தார்கள். லூயிஸ் கரோலின் 'ஆலிஸ்' கதை 1865இல் முதலில் அச்சானபோது, படங்கள் சரியாக விழவில்லை என்று ஓவியர் ஜான் டென்னியல் மறுத்துவிட்டார். மறுபடி அச்சிட்டு நவம்பரில் கடைக்கு வந்த பிரதிகளின் தலைப்புப் பக்கத்தில் இருந்த ஆண்டு 1866. அதன் இரண்டாம் பாகம் 1871 டிசம்பரில் வெளிவந்தது, அச்சில் இருப்பதோ 1872. இந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அடுத்த ஆண்டின் எண்ணைத் தாங்கிய 'கின்னஸ் உலக சாதனைகள்' இந்த ஆண்டு செப்டம்பர் வாக்கிலேயே அலமாரிக்கு வந்துவிடும்.

பண்டிகைக்காகப் பெட்டகத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்ட நாவலும் உண்டு. 'கிறிஸ்துமஸுக்கு ஒரு கிறிஸ்டி' என்று ஆண்டுதோறும் விளம்பரம் செய்து பழகிய காலின்ஸ் பதிப்பகத்துக்கு 1975இல் சிக்கல் வந்தது. முதுமையில் தளர்ந்திருந்த அகதா கிறிஸ்டியால் புது நாவல் எழுத இயலவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுதி, பத்திரமாகப் பூட்டி வைத்திருந்த 'கர்ட்டன்' அந்த இலையுதிர் காலத்தில் வெளியே வந்தது. அது எர்க்யூல் புவாரோ சாகும் கதை. அந்தக் கற்பனைத் துப்பறிவாளருக்கு 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் இரங்கல் செய்தி போட்டது. கிறிஸ்டி 1976 ஜனவரியில் காலமானார்.

டிக்கன்ஸின் டிசம்பர் இன்று அக்டோபராக நகர்ந்ததற்குப் பெரிய காரணம் மறுஅச்சுதான். நான்கு வண்ணச் சமையல் நூல்களில் பல சீனாவில் அச்சாகிக் கப்பலில் வருகின்றன. கண்டெய்னர் கரை சேரவே வாரக்கணக்கில் ஆகும். டிசம்பர் 10ஆம் தேதி 'சரக்கு தீர்ந்துவிட்டது' என்று கடைக்காரர் போன் செய்தால் பதிப்பாளர் கையைப் பிசைய வேண்டியதுதான். அக்டோபரில் வெளியிட்டால், எது ஓடுகிறது என்று பார்த்து நவம்பருக்குள் மறுபடி அச்சிடலாம். ஜேமி ஆலிவரின் '30 மினிட் மீல்ஸ்' 2010 செப்டம்பர் 30இல் வெளிவந்து, கிறிஸ்துமஸுக்குள் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. இவ்வளவு பிரதிகளைக் கடைசி வாரத்தில் அச்சிட்டு அனுப்ப யாராலும் முடியாது. மதிப்புரை வர வேண்டும், நாளிதழ்களின் 'ஆண்டின் சிறந்த நூல்கள்' பட்டியலில் இடம்பிடிக்க வேண்டும், ஒருவர் படித்து இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். இதற்கெல்லாமும் அவகாசம் தேவை.

கொரோனா இந்தக் கணக்கை இன்னும் இறுக்கியது. கோடையில் வர வேண்டிய நூல்கள் தள்ளிப்போய், 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ஒரே நாளில் பிரிட்டனில் ஏறக்குறைய 600 கெட்டி அட்டைப் புத்தகங்கள் வெளிவந்தன. அமெரிக்கப் புத்தகக் கடைக்காரர்கள் சங்கம் 'இனி அக்டோபர்தான் டிசம்பர்' என்று பிரசாரமே நடத்தியது. பராக் ஒபாமாவின் 'எ பிராமிஸ்ட் லேண்ட்' நவம்பர் 17 வரை காத்திருந்தது. நவம்பர் 3இல் அதிபர் தேர்தல் இருந்ததால் அதற்கு முன் வெளியிட மனமில்லை. தாமதத்துக்கான விலையைப் பதிப்பகம் கொடுத்தது: அமெரிக்க அச்சகங்களில் இடம் போதாமல் 10 லட்சம் பிரதிகளை ஜெர்மனியில் அச்சிட்டு, 112 கண்டெய்னர்களில் ஏற்றி, 3 கப்பல்களில் கொண்டுவந்தார்கள். ஒபாமாவால் முடிகிறது. முதல் நாவல் எழுதிய ஒருவருக்காக யார் கப்பல் பிடிப்பார்கள்?

அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நெரிசல் நல்லதல்ல. 600 நூல்கள் வந்த நாளில் நாளிதழ்களின் மதிப்புரைப் பக்கங்கள் கூடிவிடவில்லையே. அந்தச் செப்டம்பர் 3 கூட்டத்தில் தலைதூக்கிய முதல் நாவல், ரிச்சர்ட் ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்'. ஒபாமாவையே முந்தி அது கிறிஸ்துமஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆஸ்மன் ஏற்கெனவே நாடறிந்த தொலைக்காட்சி முகம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

பிரான்ஸில் ஓட்டம் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. கோடை விடுமுறை முடிந்ததும் நூற்றுக்கணக்கான நாவல்கள் வரும், நவம்பரில் கோன்கூர் பரிசு அறிவிக்கப்படும். பரிசுத் தொகை வெறும் 10 யூரோ. ஆனால் வென்ற நூலின் மேல் சுற்றும் சிவப்புக் காகிதப் பட்டைக்குப் பல லட்சம் பிரதிகள் விற்கும் சக்தி உண்டு. 2020இல் பொது முடக்கத்தால் புத்தகக் கடைகள் மூடிக் கிடந்தபோது நடுவர்கள் அறிவிப்பையே தள்ளிவைத்தார்கள். கடைகள் திறந்த பிறகு, நவம்பர் 30இல்தான் எர்வே லெ தெலியேயின் 'லனோமலி' வென்றதாகச் சொன்னார்கள். ஆகஸ்டில் வந்த அந்த நாவல் 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸுக்குப் புத்தகம் பரிசளிப்பது ஏறத்தாழ தேசியப் பழக்கம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மற்ற இறக்குமதிப் பொருள்களைவிடக் காகிதத்துக்குக் கட்டுப்பாடு குறைவாக இருந்ததால் பரிசாகக் கொடுக்கப் புத்தகமே கைக்கு எட்டியது. 1944 முதல் புது நூல்களின் பட்டியல் அச்சாகி வருகிறது; பல ஆண்டுகள் அது வீடுகளுக்கு இலவசமாகப் போனது.

எல்லா விதிக்கும் விலக்கு உண்டு. 2023இல் பிரிட்டனின் கிறிஸ்துமஸ் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஜி.டி. கார்பரின் 'மர்டில்' என்ற கொலைப் புதிர்த் தொகுப்பு. மலிவான சாதாரண அட்டை, உள்ளே பிரபலங்கள் யாரும் இல்லை. அது அக்டோபர் வியாழனுக்காகக் காத்திருக்கவும் இல்லை, கோடையிலேயே கடைக்கு வந்துவிட்டிருந்தது.