கணினி கற்ற பிள்ளைகளுக்கு ஊரிலேயே தொழில் பழக்கம்

ஜேடர்பாளையம் படுகையணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பாசனத்திலும், அதை அடுத்த கிணற்றுப் பாசனத்திலும் கரும்பு, வாழை, வெற்றிலை, தென்னை, மரவள்ளி ஆகியவை சாகுபடியாகின்றன. இப்பயிர்களுக்கு எப்போது நீர் கட்டுவது, எவ்வளவு உரம் இடுவது என்பதை இப்பகுதி உழவர் பெருமக்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விளைந்ததை விற்பதற்கும், கடன் பெறுவதற்கும், மானியத்துக்கு விண்ணப்பிப்பதற்கும் இன்று கணினியறிவு தேவைப்படுகிறது. வீட்டில் பட்டம் பெற்ற மகனோ மகளோ இருந்தும், ஒரு பதிவுக்காக இ-சேவை மையத்தில் காத்திருக்கும் குடும்பங்கள் பல. அந்தப் பிள்ளைகளோ வேலை தேடித் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள்.

ஊரில் வேலை இல்லை என்கிறார்கள் இளைஞர்கள். வேலை தெரிந்த ஆள் இல்லை என்கிறார்கள் முதலாளிகள். இரண்டும் உண்மையே. இந்த இடைவெளியை நிரப்ப அரசு இரு தரப்பாருக்கும் பண உதவி செய்கிறது. அது எங்கே, எவ்வளவு கிடைக்கும், எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே காண்போம்.

வேலை எங்கே இருக்கிறது?

முதலில் வெல்ல ஆலைகளை எடுத்துக்கொள்வோம். இங்கு காய்ச்சும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பங்களாகப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குச் செல்கின்றன. பல ஊர்ச் சந்தை விலைகளை ஒப்பிட்டு எழுதி வைக்கவும், கரும்பு வரவு, விறகுச் செலவு, கூலி ஆகியவற்றைக் கணக்கில் ஏற்றி ஒரு சிப்பத்தின் அடக்க விலையைக் காணவும் ஓர் ஆள் வேண்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவும் இணையவழியில்தான் நடக்கிறது. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய வெல்லத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. ஒரு கிலோ, அரைக் கிலோ பொட்டலங்களாக நேரடியாக விற்க விரும்பும் ஆலைக்காரருக்கு வரிக்கணக்குத் தெரிந்தவர் இன்றியமையாதவர்.

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளிலும் தீவன ஆலைகளிலும் தீவனக் கலவையின் விலையைக் கணினியில் கணக்கிடுகிறார்கள். லாரி அலுவலகங்களில், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் மின்வழிச் சீட்டு வந்துவிட்டது. ஆக, கணினி வேலை என்றால் பெருநகரத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் செய்யும் வேலை மட்டும்தான் என்று எண்ண வேண்டாம்.

பயிற்சி மட்டும் போதுமா?

கிராமப்புற மக்களுக்கு அடிப்படைக் கணினியறிவு தரும் மத்திய அரசுத் திட்டம் ஒன்றுக்கு 2017 பிப்ரவரியில் ஒப்புதல் கிடைத்தது. 20 மணி நேரப் பயிற்சி. 14 முதல் 60 வயது வரை சேரலாம். 2024 மார்ச் 31-இல் முடிவுற்ற இத்திட்டத்தில் நாடெங்கும் 6.39 கோடிப் பேர் பயிற்சி பெற்றனர். பணம் அனுப்பவும், படிவம் நிரப்பவும் இது பயன்பட்டது. ஆனால் 20 மணி நேரத்தில் ஒரு தொழில் கைவராது.

விரிவாக்கப் பணியில் இது பழைய பாடம். 1960-களில் ஆடுதுறை 27 நெல் வானொலி வழியே தஞ்சைப் பகுதியில் பரவி, ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. ஆனால் வானொலியில் கேட்டதோடு விட்டிருந்தால் அது பரவியிருக்காது. கேட்டதை வயலில் நட்டுப் பார்க்க ஒருவர் முன்வந்தார். அதைக் கண்டு அடுத்தவர் நட்டார். கணினித் திறனுக்கும் அத்தகைய நாற்றங்கால் ஒன்று தேவை. பண்ணை, ஆலை, உழவர் நிறுவனம் ஆகியவையே அந்த நாற்றங்கால்.

தொடக்கப் பயிற்சிக்கு ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. 1982-இல் கர்நாடக மாநிலம் உஜிரேயில் தொடங்கிய முன்மாதிரியைப் பின்பற்றி, மாவட்டந்தோறும் வங்கிகள் இவற்றை நடத்துகின்றன. 18 வயது நிறைந்த கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி, உணவு, தங்குமிடம் மூன்றும் இலவசம். கணினிக் கணக்கு, கைபேசி பழுதுபார்த்தல் போன்றவை கற்பிக்கப்படுகின்றன.

தொழில் பழகுநர் திட்டம்

வேலை செய்துகொண்டே கற்பதற்கு உரியது தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம். இது 2016 ஆகஸ்டில் தொடங்கியது. பழகுநருக்கு நிறுவனம் மாத உதவித்தொகை தர வேண்டும். அதில் நான்கில் ஒரு பங்கை, மாதம் ரூ.1,500-க்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்கிறது. முன்பு இப்பணம் நிறுவனத்துக்குத் திரும்பத் தரப்பட்டது. 2023 முதல் பழகுநரின் வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கும் முறை வந்தது.

ஓர் உதாரணம் காண்போம். 2019 விதிகளில் பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை ரூ.9,000. இதில் நான்கில் ஒரு பங்கு ரூ.2,250 ஆனாலும், உச்சவரம்பின்படி அரசு தருவது ரூ.1,500. மீதி ரூ.7,500 நிறுவனத்தின் பொறுப்பு. ஒப்பந்தம் செய்யும்போது நடப்பு விகிதத்தைக் கேட்டறிந்து கொள்ளவும்.

30 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்கள், மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள நிறுவனங்கள் விரும்பினால் சேர்க்கலாம். இரண்டு மூன்று ஆட்களுடன் இயங்கும் சிறு ஆலைகள் இதில் தனித்து நுழைய இயலாது. இத்தகையோர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரராகி, அதன் மூலம் ஒரு பழகுநரைச் சேர்த்துப் பல ஆலைகளின் கணக்கையும் பார்க்கச் செய்யலாம்.

உழவர் நிறுவனங்களுக்கு

பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 பிப்ரவரி 29-இல் தொடங்கப்பட்டது. இதில் அமைந்த நிறுவனத்துக்கு மூன்றாண்டுகளில் நிர்வாகச் செலவாக ரூ.18 லட்சம் வரை உதவி உண்டு. முதன்மைச் செயல் அலுவலருக்கு மாதம் ரூ.25,000 வரையிலும், கணக்கருக்கு ரூ.10,000 வரையிலும் சம்பளம் தர இதில் இடமிருக்கிறது.

இந்த உதவி மூன்றாண்டு மட்டுமே. நான்காம் ஆண்டுச் சம்பளத்தை நிறுவனம்தான் ஈட்ட வேண்டும். ஆகவே முதல் மாதத்திலிருந்தே கணக்கரை வெறும் வரவு-செலவு எழுத வைக்காமல், உரம் மொத்தக் கொள்முதல், விலை ஒப்பீடு, நேரடி விற்பனை ஆகியவற்றில் ஈடுபடுத்த வேண்டும். அவரால் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சம் என்பதை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கிட்டுக் காட்டுவது நல்லது.

புதிதாகப் பணியில் சேர்த்தால்

பழகி முடித்தவரை நிரந்தரமாகச் சேர்ப்பதற்கும் உதவி உண்டு. 2025 ஆகஸ்டு 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கான மத்திய அரசு ஊக்கத் திட்டத்துக்கு ரூ.99,446 கோடி ஒதுக்கப்பட்டது. முதன்முறையாக வருங்கால வைப்பு நிதியில் சேரும் ஊழியருக்கு ஒரு மாதச் சம்பளம், ரூ.15,000-க்கு மேற்படாமல், இரு தவணைகளில் கிடைக்கும். முதல் தவணை ஆறு மாதம் பணிபுரிந்தபின்; இரண்டாவது ஓராண்டு முடித்து, நிதியறிவுப் பாடத்தையும் நிறைவு செய்தபின்.

முதலாளிக்கு, கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் ரூ.3,000 வரை இரண்டாண்டு கிடைக்கும்; உற்பத்தித் தொழில் என்றால் நான்காண்டு. 50 பேருக்குக் குறைவான நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். வைப்பு நிதிப் பதிவு இல்லாத நிறுவனத்துக்கு இச்சலுகை இல்லை என்பதை நினைவிற் கொள்ளவும்.

டிரோன் இயக்குதல்

வயலிலேயே பயன்படும் மின்னணுத் திறன் இது. ஆளுயரம் கடந்த கரும்பில் கைத்தெளிப்பானுடன் உள்ளே புகுவது கடினம். டிரோன் மூலம் ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டர் நீர்க் கரைசலில் மேலிருந்து தெளித்துவிடலாம். 2021 டிரோன் விதிகளின்படி, 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 10-ஆம் வகுப்பு தேறியவர், அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயின்று சான்று பெறலாம். 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற, 2025-26 வரையிலான ‘நமோ டிரோன் தீதி’ திட்டத்தில், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 80 சதவீத மானியம், ரூ.8 லட்சம் வரை, அறிவிக்கப்பட்டது. குழுவில் ஒரு பெண்ணுக்கு 15 நாள் பயிற்சியும் அதில் அடங்கும்.

நம் பகுதிக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். கரும்பை ஒட்டியே வெற்றிலைக் கொடிக்கால் இருக்கும். கரும்புக்கு இடும் 2,4-டி களைக்கொல்லி காற்றில் பரவினால் அகன்ற இலைப் பயிர்கள் கருகும். வெற்றிலையோ அப்படியே வாயில் இடும் பொருள். எனவே காற்றின் திசை, வேகம், பறக்கும் உயரம் ஆகியவற்றை அறியாதவரிடம் டிரோனைக் கொடுக்கலாகாது. பயிற்சிக்குச் செலவிடும் பணம் இங்கே அடுத்த வயலைக் காக்கும் பணமாகும்.

ஆறு மாதப் பழக்கம்: ஒரு திட்டம்

பழகுநரைச் சேர்ப்பவர் முதலிலேயே வேலைப் பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் மாதம் வரவு, இருப்பு, எடைச்சீட்டுப் பதிவு. இரண்டாம் மாதம் அடக்க விலைக் கணக்கு. மூன்றாம் மாதம் சந்தை விலைத் தொகுப்பும், உழவன் செயலி போன்றவற்றின் பயன்பாடும். நான்காம் மாதம் வரிக்கணக்கு, உரிமங்கள். ஐந்தாம் மாதம் வாங்குவோருடன் கடிதப் போக்குவரத்து, நேரடி விற்பனை. ஆறாம் மாதம் முழுப் பொறுப்பையும் தந்து, மேற்பார்வை மட்டும் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

1. பழகுநர் என்ற பெயரில் சேர்த்து, சிப்பம் தூக்கவும் தேநீர் வாங்கவும் அனுப்பக் கூடாது. கற்பிக்க ஒருவரைப் பொறுப்பாக நியமிக்க வேண்டும்.

2. ஒப்பந்தம் அரசு இணையதளத்தில் பதிவானால்தான் அரசுப் பங்கு கிடைக்கும். வாய்மொழி ஏற்பாடு பயன்படாது.

3. ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும். பெயர், பிறந்த தேதி சான்றிதழ்களில் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

4. அரசுத் திட்டத்தில் சேர்த்துவிடுவதாக முன்பணம் கேட்கும் தரகர்களை நம்ப வேண்டாம்.

5. நிறுவனக் கடவுச்சொல், உழவரின் ஆதார் விவரம் ஆகியவற்றைப் பிறரிடம் பகிரலாகாது என்பதைப் பழகுநருக்கு முதல் நாளே கற்பிக்க வேண்டும்.

அரசு தரும் பணம் ஒரு பங்குதான். மீதியை முதலாளி தர வேண்டும். உழைப்பை இளைஞர் தர வேண்டும். பயிற்சி முடித்த பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் பழகும் இடம் கிடைக்காவிட்டால், கற்றதும் மறந்துவிடும். பிள்ளையும் ஊரைவிட்டுப் போய்விடும். எனவே ஆலை உரிமையாளர்களும் பண்ணையாளர்களும் உழவர் நிறுவனங்களும் இவ்வாண்டு தலா ஒருவருக்காவது இடமளிக்க முன்வர வேண்டும்.

பழகுநர் சேர்க்கைக்கு அரசு தொழிற்பயிற்சி நிலையத்தையும், டிரோன் மற்றும் பண்ணைப் பயிற்சிகளுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் குறித்து வட்டார வேளாண்மை அலுவலகத்தையும் அணுகி மேல் விவரம் பெறலாம்.