ஊரார் எழுப்பிய ஒசாகா

கியோட்டோவிலிருந்து ஒசாகாவுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். வழியெல்லாம் வீடுகள் தொடர்ந்து வருவதால் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். ஆனால் இறங்கி நடந்தால் தெரிந்துவிடுகிறது. கியோட்டோ, பேரரசர்களும் மடாலயங்களும் வளர்த்த ஊர். ஒசாகா வியாபாரிகளின் ஊர். கடலும் ஆறும் சேரும் இடத்தில் இருப்பதால், ஷோகன்கள் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட காலத்தில் நாட்டின் நெல்லும் எண்ணெயும் துணியும் இங்கே வந்து குவிந்து, விலை பேசப்பட்டு, மறுபடி நாடெங்கும் போயின. இங்கே பார்க்கத் தகுந்தவற்றில் பெரும்பகுதி அரசன் கொடுத்தது அல்ல, ஊரார் தங்கள் கையிலிருந்து போட்டுக் கட்டியது. அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

முதலில் கோட்டை. தளபதி டொயொட்டோமி ஹிதேயோஷி 1583-இல் கட்டத் தொடங்கியது. 1615-இல் ஷோகன் குடும்பமான தோகுகவாவின் படைகள் முற்றுகையிட்டபோது எரிந்தது. வென்றவர்கள் பழைய மதில்களை மண்ணில் புதைத்துவிட்டு, அதன்மேல் இன்னும் பெரிதாகத் தங்கள் கோட்டையை எழுப்பினார்கள். 1665-இல் இடி விழுந்து அந்தக் கோபுரமும் எரிந்தது. அதற்குப் பிறகு இரண்டரை நூற்றாண்டுக்கும் மேல் கோபுரமே இல்லை. இப்போது நாம் பார்ப்பது 1931-இல் எழுந்தது. செகி ஹஜிமே என்ற மேயர் 1928-இல் யோசனை சொல்ல, பெரிய வணிகக் குடும்பங்களிலிருந்து சாதாரண வீடுகள் வரை பணம் கொடுத்து 15 லட்சம் யென் சேர்த்தார்கள். கோட்டை வளாகம் அப்போது ராணுவத்தின் கையில் இருந்தது. அதனால் திரண்ட பணத்தில் பாதிக்கு மேல் ராணுவத்துக்குப் புதிய தலைமையகம் கட்டவே போயிற்று. மிச்சத்தில்தான் கோபுரமும் பூங்காவும்.

கோபுரம் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே லிஃப்ட் ஓடுகிறது. அதைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பும் பயணிகள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் கணவர் நுழைவாயிலில் இருந்த ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ராஜா கட்டுனது முப்பது வருஷம் நின்னுச்சு. அடுத்தவங்க கட்டுனது நாப்பது வருஷம். ஜனங்க காசு போட்டுக் கட்டுனது தொண்ணூறைத் தாண்டிடுச்சு பாரு.” உண்மைதான். 1945 ஆகஸ்ட் 14, அதாவது ஜப்பான் சரணடைவதை அறிவிப்பதற்கு முந்தைய நாள், கோட்டையை ஒட்டியிருந்த ஆயுதத் தொழிற்சாலைமேல் அமெரிக்க விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. சுற்றிலும் பலவும் தரைமட்டமான அந்த நாளிலும் கோபுரம் தப்பியது. இன்றைக்கு, அங்கே நின்ற மூன்று கோபுரங்களில் இதுதான் நீண்ட ஆயுள் கொண்டது.

கோட்டையிலிருந்து ஆற்றோடு மேற்கே வந்தால் நகனோஷிமா. இரண்டு ஆறுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் தீவு. பயண நிறுவனங்களின் ஒருநாள் திட்டங்களில் இந்தத் தீவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. என்னைக் கேட்டால், ஒசாகாவில் ஒரே ஒரு இடம் பார்க்க நேரம் இருப்பவர்கள்கூட இங்கேதான் வரவேண்டும்.

செங்கல்லும் வெள்ளைக் கல்லும் வரிவரியாகச் சேர்ந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று அங்கே இருக்கிறது. நகர மைய மண்டபம். 1922-இல் ஜப்பான் வந்த ஐன்ஸ்டீன் இங்கே உரையாற்றினார். பிறகு ஹெலன் கெல்லர் பேசினார். இந்த மண்டபத்தைக் கொடுத்தவர் இவாமோட்டோ எய்னோசுகே என்ற பங்குத் தரகர். பங்குச் சந்தை இருக்கும் கிதஹமா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரம். 1909-இல் ஜப்பானிய வணிகர்கள் குழுவாக அமெரிக்கா போனபோது இவரும் போனார். அங்கே பணக்காரர்கள் நூலகத்துக்கும் பள்ளிக்கும் சொத்தை எழுதி வைப்பதைப் பார்த்தார். ஊர் திரும்பியதும், 1911-இல், பத்து லட்சம் யென்னை நகரத்துக்குக் கொடுத்தார்.

கட்டடத்துக்குக் கடைக்கால் போட்டு வேலை நடந்துகொண்டிருக்கையில் முதல் உலகப் போர் வந்தது. பங்கு விலைகள் இவருடைய கணிப்புக்கு எதிராக ஏறின. பெரும் நஷ்டம். கொடுத்த பணத்தில் ஒரு பங்கையாவது திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சுற்றி இருந்தவர்கள் சொன்னார்களாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது ஒசாகா வியாபாரிக்கு அவமானம் என்று மறுத்துவிட்டார் என்கிறார்கள். 1916 அக்டோபரில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். வயது 39. மண்டபம் முடிந்து திறந்தது 1918-இல். அதை முழுதாக அவர் பார்க்கவே இல்லை.

கீழ்த்தளத்தில் அவர் நினைவாகச் சின்ன அறை ஒன்று இருக்கிறது. மண்டபத்துக்கு வெளியே வந்து ஆற்றோரப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது, எங்கள் இருவருக்கும் நெஞ்சு கனத்தது. அந்த மனிதர் பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. அவர் கேட்டிருக்கலாம், உயிரோடு இருந்திருக்கலாம் என்றே நான் நினைத்தேன். என் கணவர் வேறு மாதிரி நினைத்தார். என் மாமனார் கும்பகோணத்தில் அரிசி மண்டி நடத்தியவர். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை இவர். “உனக்கு அது பணமாத் தெரியுது. அந்தாளுக்கு அது சொன்ன சொல்லு” என்றார்.

மண்டபத்துக்குப் பக்கத்திலேயே நூலகம். 1904-இல் சுமிதோமோ குடும்பம் கட்டிக் கொடுத்தது. மண்டபத்துக்குக் கிழக்கே குழந்தைகளுக்கென்று ஒரு நூலகம், 2020-இல் திறந்தது. ஒசாகாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ததாவோ ஆண்டோ தானே வடிவமைத்து, தன் செலவில் கட்டி, நகரத்துக்குக் கொடுத்தார். உள்ளே சுவரெல்லாம் புத்தகம், படிக்கட்டெல்லாம் குழந்தைகள். ஒரே தீவில், நூறு ஆண்டுக்கும் மேலாக, ஒருவர் கொடுத்ததற்குப் பக்கத்தில் இன்னொருவர் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

பாலங்களும் அப்படித்தான். ஷோகன் காலத்து ஒசாகாவில் ஏறக்குறைய இருநூறு பாலங்கள் இருந்தன. அவற்றில் அரசாங்கம் கட்டிப் பராமரித்தவை பன்னிரண்டுதான். மற்றதெல்லாம் தெருக்காரர்களும் வியாபாரிகளும் போட்டது. நாங்கள் ஆற்றைக் கடந்த யோதொயா பாலம், யோதொயா என்ற வணிகக் குடும்பத்தின் பெயரைத் தாங்குகிறது. அவர்கள் வீட்டு வாசலில்தான் ஒசாகாவின் அரிசிச் சந்தை முதலில் கூடியது. தகுதிக்கு மீறி ஆடம்பரமாக வாழ்ந்தார்கள் என்று சொல்லி 1705-இல் ஷோகன் அரசு அவர்கள் சொத்து முழுவதையும் பறித்துக்கொண்டது. பிரபுக்கள் பலர் அந்தக் குடும்பத்திடம் பட்ட கடன்களும் அதோடு மறைந்து போயின.

அரிசிச் சந்தை அதற்குள் அக்கரையில் இருக்கும் தோஜிமாவுக்கு இடம் மாறியிருந்தது. என் கணவர் ஜப்பானுக்கு வர ஒப்புக்கொண்டதே தோஜிமாவைப் பார்க்கத்தான் என்று சொல்லலாம். பிரபுக்கள் தங்கள் நாட்டு வரி நெல்லை ஒசாகாக் கிடங்குகளுக்கு அனுப்புவார்கள். அதற்குச் சீட்டு எழுதப்படும். வியாபாரிகள் அரிசியைத் தொடாமலே அந்தச் சீட்டை வாங்கி விற்றார்கள். பிறகு சீட்டும் கை மாறாமல், வரப்போகும் விலையை வைத்தே கணக்கில் வியாபாரம் நடந்தது. இந்த முன்பேர வணிகத்துக்கு ஷோகன் அரசு 1730-இல் அனுமதி கொடுத்தது. உலகில் முறையாக அமைந்த முதல் முன்பேரச் சந்தை என்று பொருளாதார வரலாறு எழுதுபவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். அன்றைய வியாபாரம் முடிவதைக் காட்ட ஒரு திரியைக் கொளுத்தித் தொங்கவிடுவார்கள். அது அணைந்தும் கலையாமல் விலை கூவிக்கொண்டிருப்பவர்கள்மேல் ஆட்கள் தண்ணீரை வாரி இறைத்துக் கலைப்பார்களாம். விலையை வெளியூர்களுக்குச் சொல்ல, மலைக்கு மலை ஆள் நிறுத்திக் கொடி அசைத்தார்கள். கியோட்டோவுக்குச் சில நிமிடங்களில் செய்தி போய்விடும்.

சந்தை 1939-இல் மூடப்பட்டது. இப்போது அந்த இடத்தில் ஆற்றங்கரையோரம் ஒரு நினைவுச் சின்னம் மட்டும் நிற்கிறது. ஒற்றை அரிசி மணியின் வடிவம், அதுவும் ஆண்டோவின் யோசனைதான். கார்கள் தலைக்குமேல் மேம்பாலத்தில் போய்க்கொண்டே இருக்கின்றன. என் கணவர் அந்த அரிசி மணியைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொட்டுப் பார்த்தார். அப்பா இருந்திருந்தால் தண்ணீர் இறைத்த கதையைக் கேட்டுச் சிரித்திருப்பார் என்றார்.

மாலையில் டோட்டோன்போரி. ஒசாகா என்றதும் படங்களில் வரும் இடம் இதுதான். கால்வாயின் இரு கரையிலும் விளக்குப் பலகைகள், ராட்சத நண்டு, 1935-இலிருந்து அடுத்தடுத்த வடிவங்களில் ஓடிக்கொண்டிருக்கும் கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் ஓட்டக்காரர். கூட்டம் நெருக்கித் தள்ளியது. சுடச்சுட தகோயாக்கி வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். மாவுக்குள் ஆக்டோபஸ் துண்டு வைத்து, நம் பணியாரக் கல் போலவே குழி வைத்த இரும்புக் கல்லில் ஊற்றி, கம்பியால் திருப்பித் திருப்பி உருட்டி எடுக்கிறார்கள். இந்தக் கால்வாயை 1612-இல் தன் செலவில் வெட்டத் தொடங்கியவர் டோட்டோன் என்ற ஒசாகாக்காரர். 1615 போரில் அவர் செத்துப்போக, உறவினர்கள் வேலையை முடித்தார்கள். போரில் தோற்ற பக்கம் நின்றவர் அவர். ஆனாலும் வென்ற பக்கத்துப் பிரபுவே கால்வாய்க்கு அவர் பெயரை வைத்தார்.

கால்வாயை ஒட்டி அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று தகெமோட்டோ கிதாயு 1684-இல் தொடங்கிய பொம்மலாட்ட அரங்கு. அந்தக் கலை இன்று புன்ராக்கு என்ற பெயரில், கால்வாயிலிருந்து கொஞ்ச தூரத்தில், 1984-இல் திறந்த தேசிய புன்ராக்கு அரங்கில் நடக்கிறது. நாங்கள் போன சமயம் அங்கே நடந்தது நாடக ஆசிரியர் சிகாமட்சு எழுதிய சொனெசாக்கி நாடகம்.

1703-இல் ஒசாகாவில் உண்மையாகவே நடந்த ஒரு சம்பவத்தை வைத்து எழுதிய கதை. சோயா சாஸ் கடை குமாஸ்தா தோகுபெய், தோஜிமாவில் ஒரு விடுதிப் பெண்ணான ஒஹட்சு. நண்பனை நம்பிப் பணத்தைக் கடன் கொடுக்கிறான் தோகுபெய். நண்பன் வாங்கவே இல்லை என்று சாதிக்கிறான், பத்திரத்தில் இருக்கும் முத்திரை போலி என்று ஊர் நடுவில் தூற்றுகிறான். வியாபாரிகள் ஊரில் நாணயம் கெட்டுப் போனவன் எங்கே போவான்? இருவரும் சொனெசாக்கிக் காட்டுக்குப் போய் உயிரை விடுகிறார்கள். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் சிகாமட்சு இதை மேடைக்குக் கொண்டுவந்தார். அதுவரை பொம்மலாட்ட மேடையில் துயர நாயகர்கள் என்றால் வீரர்களும் பிரபுக்களும்தான். கடைக் குமாஸ்தாவின் கண்ணீருக்கு ஊரே திரண்டு வந்தது. அந்த வசூலில் அரங்கின் கடன் தீர்ந்தது. இதைப் பார்த்துக் காதலர்கள் சாகிறார்கள் என்று 1723-இல் அரசு இப்படிப்பட்ட நாடகங்களையே தடை செய்தது. சொனெசாக்கி மறுபடி பொம்மலாட்ட மேடைக்கு வந்தது 1955-இல்.

ஒரு பொம்மைக்கு மூன்று பேர். முதன்மைக் கலைஞர் தலையையும் வலக்கையையும் பிடிக்கிறார், முகத்தை மறைப்பதில்லை. இரண்டாமவர் இடக்கை, மூன்றாமவர் கால்கள். இந்த இருவரும் தலையோடு கறுப்புத் துணி போர்த்தியிருப்பார்கள். கால் பிடிக்கவே பத்தாண்டு, இடக்கைக்கு இன்னொரு பத்தாண்டு பயிற்சி என்று சொல்வார்கள். மேடையின் வலப்பக்கம் கதை சொல்பவரும் ஷமிசென் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவரும். கதை சொல்பவர் தொடங்குமுன் ஏட்டைத் தூக்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆணாக, பெண்ணாக, வஞ்சக நண்பனாக ஒரே தொண்டையில் மாறி மாறிப் பேசினார், அழுதார். எங்கள் கும்பகோணம் பக்கத்துப் பொம்மலாட்டத்தில் கயிற்றைத் தலையில் கட்டிக்கொண்டு, கையில் கம்பியும் பிடித்து, ஒருவரே ஒரு பொம்மையை ஆட்டுவார். என் கணவர் அதைச் சிறு வயதில் கோயில் திருவிழாவில் பார்த்தவர். மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

புன்ராக்கில் பெண் பொம்மைகளுக்குக் கால் கிடையாது. கால் பிடிப்பவர் தன் கைகளால் உடையின் கீழ் ஓரத்தை அசைத்தே நடையைக் காட்டுகிறார். இந்த நாடகத்தில் மட்டும் ஒஹட்சுவுக்கு ஒரு பாதம் உண்டு. தோகுபெய் விடுதித் திண்ணைக்கு அடியில், அவள் உடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான். மேலே அந்த நண்பன் உட்கார்ந்து அவனை ஏசிக்கொண்டிருக்கிறான். சாகத் துணிவாயா என்று ஒஹட்சு பாதத்தால் கேட்கிறாள். தோகுபெய் அந்தப் பாதத்தை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பதில் சொல்கிறான். உடையிலிருந்து வெளியே தெரிந்த அந்த வெள்ளைப் பாதத்தைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. மரத்தில் செதுக்கிய ஒரு சின்னப் பாதம்!

மறுநாள் காலை உமேதாவில், கட்டடங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் நடுவே இருக்கும் சொனெசாக்கிக் கோயிலுக்குப் போனோம். அங்கே ஒஹட்சுவுக்கும் தோகுபெய்க்கும் வெண்கலச் சிலை இருக்கிறது. இளம் ஜோடிகள் மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார்கள். ஒரு பெண் எழுதி முடித்துத் தோழனிடம் காட்டாமல் மறைத்தாள். அவன் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டே இருந்தான்.

2012-இல் ஒசாகா மேயர் புன்ராக்குக்கான நகர மானியத்தைக் குறைக்க முனைந்து பெரும் விவாதம் ஆனது. மண்டபமும் நூலகமும் பாலமும் கேட்காமலே கொடுத்த ஊரில் இந்தக் கலை தன் செலவுக்கு வாதாட வேண்டியிருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே ஒசாகா போகிறவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது இதுதான்: புன்ராக்கு அரங்கில் முழு நிகழ்ச்சிக்கு நேரம் இல்லையென்றால், ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் குறைந்த விலையில் சீட்டு கொடுப்பது உண்டு. காலையிலேயே விசாரித்து வாங்கிவிடுங்கள். ஷமிசென் வாசிப்பவரின் கை தெரியும்படி வலப்பக்க இருக்கையாகக் கேளுங்கள்.