நாசரேத்து வீட்டின் பாடங்கள்



பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கிவிட்டது. மே முதல் நாளில் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைக் கொண்டாடினோம். இந்த இரண்டையும் சேர்த்துச் சிந்திக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறோம்?

நாம் அடிக்கடி பார்க்கும் ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவருவோம். அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அப்பா வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார். வீட்டில் பிளஸ் டூ முடித்த மகன் இருக்கிறான். நல்ல மதிப்பெண், பங்கில் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மாவுக்கு ஒரு டம்ளர் கஞ்சி வேண்டும். மகன் அடுப்படி வாசலில் நின்று, "அம்மா, கஞ்சிக்கு எவ்வளவு தண்ணி வைக்கணும்? அரிசி எந்த டப்பாவுல இருக்கு?" என்று கேட்கிறான். முடியாத நிலையில் அந்தத் தாயே எழுந்து வருகிறார்.

அந்தப் பையன் கெட்டவன் அல்ல. அம்மாமீது அன்பும் உண்டு. ஆனால் அந்த அன்பை ஒரு டம்ளர் கஞ்சியாக மாற்ற அவன் கைகளுக்குத் தெரியவில்லை. "நீ படி, மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்று பதினேழு ஆண்டுகள் சொல்லி வளர்த்தவர்கள் நாம்தான். எனவே குறையும் நம்முடையதுதான்.

இப்போது நாசரேத்து வீட்டுக்குப் போவோம். இயேசு தம் வாழ்வின் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தார். மக்கள் அவரைத் 'தச்சர்' என்று அழைத்ததை மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்திலும், 'தச்சரின் மகன்' என்று அழைத்ததை மத்தேயு 13ஆம் அதிகாரத்திலும் காண்கிறோம். யோசேப்பின் பட்டறையில் அவர் தொழில் கற்றார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொழில் மட்டுமா? அவர் சொன்ன உவமைகளைக் கவனியுங்கள். மாவில் புளிப்பு மாவு கலப்பது, பழைய துணியில் புதுத் துணியை ஒட்டுப்போட்டால் கிழிந்துபோவது, காணாமற்போன காசுக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்குவது, உப்பின் சாரம், வீட்டுக்கு அடித்தளம் போடுவது எனப் பல. இவை எல்லாம் வீட்டு வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து வளர்ந்த ஒருவர் பேசும் பேச்சு. மரியாவின் அடுப்படியும் யோசேப்பின் பட்டறையும் பின்னாளில் இறையாட்சியை விளக்கும் மொழியாக மாறின.

இன்னொரு காட்சியையும் மறக்க வேண்டாம். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் சீடர்களைச் சந்தித்த நிகழ்ச்சி யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் உள்ளது. இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்தவர்களுக்காக அவர் கரியில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார். சாவை வென்றவர் தம் நண்பர்களுக்குக் காலை உணவு செய்துகொடுத்தார். "சமையல் பொம்பளைப் பிள்ளைங்க வேலை" என்று சொல்லும் வீட்டார் இந்தப் பகுதியை ஒருமுறை மெதுவாக வாசிக்க வேண்டும்.

யூத மரபில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. தந்தை மகனுக்குச் செய்ய வேண்டிய கடமைகளை அவர்களுடைய தால்முத் நூல் வரிசைப்படுத்துகிறது. திருச்சட்டம் கற்பிப்பதும் தொழில் கற்பிப்பதும் அந்த வரிசையில் வருகின்றன. நீந்தக் கற்பிப்பதும் கடமை என்று சில ஆசிரியர்கள் அதோடு சேர்த்தார்கள். வேதத்துக்குப் பக்கத்திலேயே நீச்சலும் இடம்பெறுவதைப் பாருங்கள். கடவுள் கொடுத்த உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிவதும் பக்தியோடு சேர்ந்ததே என்று அவர்கள் கண்டிருந்தார்கள். திருத்தூதர் பவுலும் இந்த மரபில் வந்தவர்தான். அவர் கூடாரம் செய்யும் தொழில் தெரிந்தவர் என்பதைத் திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம் சொல்கிறது. நற்செய்தியை அறிவித்த அதே ஆள்தான் தம் கைகளால் உழைத்துத் தம் தேவைகளையும் பார்த்துக்கொண்டார்.

அப்படியானால் நம் பிள்ளைகளுக்கு எவற்றைக் கற்றுக்கொடுக்க வேண்டும்? ஐந்து காரியங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, தன் வேலையைத் தானே செய்வது. ஐந்து வயதுப் பிள்ளை படுத்த போர்வையை மடிக்கலாம், சாப்பிட்ட தட்டைக் கழுவும் இடத்தில் வைக்கலாம். எட்டு வயதில் வீடு பெருக்கலாம், தன் உள்ளாடைகளைத் துவைக்கலாம். பத்து வயதில் நாம் பக்கத்தில் நிற்க அரிசி களைந்து உலை வைக்கலாம். பதினைந்து வயதில் ஒருவேளைச் சோறும் குழம்பும் தனியாகச் செய்யத் தெரிய வேண்டும், பொத்தான் தைக்கத் தெரிய வேண்டும். மகனுக்கும் மகளுக்கும் ஒரே பாடம்தான். தங்கை பாத்திரம் துலக்கும்போது அண்ணன் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால், இருவருக்குமே நாம் தவறான பாடத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்.

இரண்டாவது, உயிர் காக்கும் அறிவு. ஒவ்வொரு கோடையிலும் குளத்திலும் கிணற்றிலும் ஆற்றிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தியைப் படிக்கிறோம். ஒருவன் மூழ்க, அவனைக் காப்பாற்றக் குதித்த இன்னொருவனும் போய்விடுகிறான். இந்த விடுமுறையில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரின் துணையோடு பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுங்கள். அதோடு இதையும் சொல்லிக்கொடுங்கள்: ஒருவர் மூழ்கினால் குதிக்கக் கூடாது, சத்தம்போட்டு ஆள் கூப்பிட வேண்டும், கரையில் நின்றபடியே கயிறு, நீளமான கம்பு, வேட்டி, காலியான பிளாஸ்டிக் குடம் என்று கைக்குக் கிடைப்பதைப் போட வேண்டும்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பற்பசையோ மையோ தடவக் கூடாது. கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்து 1906 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதும் கீறுவதும் தவறு. கடிபட்டவரை அசையவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, அவசர உதவிக்கு 112. பத்து வயதுப் பிள்ளைக்கு இவை எல்லாம் மனப்பாடமாக இருக்கட்டும்.

மூன்றாவது, பணம். வீட்டு வரவு செலவைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அப்பாவின் கூலி எவ்வளவு, வாடகை எவ்வளவு, அரிசிக்கு எவ்வளவு என்று மாதத்தில் ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து எழுதுங்கள். சந்தைக்கு ஒரு தாளில் பட்டியல் எழுதி அனுப்பி, திரும்பி வந்ததும் கணக்குக் கேளுங்கள். மூன்று வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 300 ரூபாய். ஓர் ஆண்டில் 3,600 ரூபாய் போன பிறகும் முதல் அப்படியே நிற்கும். இந்தக் கணக்கைப் பதினைந்து வயதில் போட்டுப் பார்த்த பிள்ளை, இருபத்தைந்து வயதில் கடனுக்குள் இறங்கும்முன் ஒருமுறை யோசிக்கும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தானே நடத்த வங்கிகளில் வழி இருக்கிறது. வங்கியில் பணம் கட்டும் சீட்டை நிரப்புவது, மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்குவது, அலுவலகத்துக்கு மனு எழுதுவது ஆகியவற்றையும் அவர்கள் நம்மோடு வந்து பழகட்டும். சேர்க்கும் காசில் ஒரு பங்கை ஏழைக்கு என்று எடுத்து வைக்கவும் பழகட்டும். அதுவும் பணத்தைக் கையாளும் திறமைதான்.

நான்காவது, தன்னைக் காத்துக்கொள்வது. தன் உடல் தனக்குரியது, யார் தொட்டாலும் பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லலாம், தொட்டவர் உறவினரானாலும் பெரிய மனிதரானாலும் கோவிலைச் சேர்ந்தவரே ஆனாலும் அம்மா அப்பாவிடம் வந்து சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். சொல்லும்போது நாம் நம்ப வேண்டும். பிள்ளையை அதட்டி அடக்கக் கூடாது. உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு 1098 என்ற எண் இருக்கிறது. செல்போனில் யார் கேட்டாலும் ஓடிபி எண்ணைச் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் பயந்து மறைக்காமல் உடனே சொல்ல வேண்டும். 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்ய வேண்டும்.

ஐந்தாவது, தோல்வியைத் தாங்குவது. இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பாடம். தேர்வு முடிவு வரும் நாள்களில் சில வீடுகளில் நடப்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. மதிப்பெண் குறைந்ததற்காக உயிரையே விட்டுவிடலாம் என்று ஒரு பிள்ளை நினைத்தால், தோற்ற பிறகும் தனக்கு வீடு இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் புரியவைக்கவில்லை என்றுதானே பொருள்? நம் சொந்தத் தோல்விகளைப் பிள்ளைகளிடம் சொல்வோம். "அப்பா அந்த வியாபாரத்துல தோத்தேன், அப்புறம் இப்படி எழுந்தேன்" என்று சொல்வோம். தவறு செய்தால் நாமே பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்போம். ஊதாரி மகன் திரும்பி வந்தபோது தந்தை அவனிடம் கணக்குக் கேட்கவில்லை, ஓடிப்போய்க் கட்டித் தழுவினார். முடிவு வரும் முந்தின இரவே, "என்ன வந்தாலும் நீ எங்க பிள்ளைதான்" என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையின் மனம் மிகவும் சோர்ந்திருப்பதாகத் தெரிந்தால் தனியே விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

"இதற்கெல்லாம் நேரம் ஏது ஃபாதர்? படிப்பு கெட்டுவிடுமே" என்று கேட்பீர்கள். உண்மையில் நேரம் இல்லாமல் போவது பிள்ளைக்கு அல்ல, நமக்குத்தான். பிள்ளை வெங்காயம் நறுக்க அரை மணி நேரம் ஆகும், நாம் நறுக்கினால் மூன்று நிமிடம். அதனால் கத்தியைப் பிடுங்கிக்கொள்கிறோம். அவன் பெருக்கிய இடத்தை அவன் கண்முன்னே மறுபடி பெருக்குகிறோம். அப்போது "உன்னால் முடியாது" என்ற பாடத்தை வாய் திறக்காமலே நடத்திவிடுகிறோம்.

கற்றுக்கொடுப்பதற்கு எளிய வழி உண்டு. முதலில் நாம் செய்ய, பிள்ளை பார்க்கட்டும். பிறகு இருவரும் சேர்ந்து செய்வோம். அடுத்து, பிள்ளை செய்ய நாம் பக்கத்தில் நிற்போம். கடைசியில் நாம் விலகிக்கொள்வோம். முதல் மூன்றையும் செய்துவிட்டு, நான்காவதில் நமக்கு மனம் வருவதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற ஊக்கவுரையின் ஏழாம் அதிகாரம் பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. பிள்ளை எங்கே இருக்கிறான் என்று எந்நேரமும் கண்காணித்துக்கொண்டே இருப்பது வளர்ப்பு ஆகாது, பொறுப்போடு தன் உரிமையைப் பயன்படுத்தும் அளவுக்கு அவனை வளர்த்தெடுப்பதே வளர்ப்பு என்பது அங்கே அவர் காட்டும் வழி. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965ஆம் ஆண்டு கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. இந்தக் கடமையைப் பள்ளிக்கூடத்திடமோ மறைக்கல்வி வகுப்பிடமோ முழுவதுமாக ஒப்படைத்துவிட முடியாது.

அன்புக்குரியவர்களே, யோசேப்பு எப்போது இறந்தார் என்று நற்செய்தி சொல்வதில்லை. இயேசுவின் பணிவாழ்வில் அவரைக் காண முடியவில்லை. அதற்குள் தாம் செய்ய வேண்டியதை அவர் செய்து முடித்திருந்தார். நாமும் ஒருநாள் பிள்ளைகளைவிட்டுப் போவோம். அன்று அவர்கள் அழுவார்கள். அழுத பிறகு எழுந்து அடுப்பு மூட்டி, அழுதுகொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் ஒருவாய்க் கஞ்சி கொடுக்க அவர்களுக்குத் தெரிந்திருந்தால், நம் கடமையைச் செய்தோம் என்று நிம்மதியாகப் போகலாம்.

இந்த விடுமுறையில் வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு வாரம் கஞ்சி, ஒரு வாரம் கணக்கு, ஒரு வாரம் நீச்சல், ஒரு வாரம் மனம்விட்டுப் பேச்சு. அன்பியக் கூட்டங்களிலும் இதைப் பேசிப் பாருங்கள். நீச்சல் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், மின்வேலை தெரிந்தவர் எல்லாரும் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். தந்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் உங்கள் பிள்ளைகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மன்றாடுவோம். நாசரேத்து வீட்டில் மரியாவிடமும் யோசேப்பிடமும் கற்று வளர்ந்த ஆண்டவரே, எங்கள் பிள்ளைகளின் கைகளை ஆசீர்வதியும். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க எங்களுக்குப் பொறுமையையும், விலகி நின்று நம்பிக்கை வைக்கத் துணிவையும் தாரும். ஆமென்.