நகரும் கட்டியைப் பிடிப்பது எப்படி?

புராஸ்டேட் புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வரும் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் தினமும் ஒரு வேலை கொடுக்கிறார்கள். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். பிறகு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முந்தின நாளே மலச்சிக்கலுக்கு மருந்தும் உண்டு. அறுபது, எழுபது வயதில் இது லேசான காரியமில்லை. “எதுக்குங்க இவ்வளவு தண்ணி?” என்று கேட்டால், “குடிங்கய்யா, அப்பதான் உள்ள கூப்பிடுவோம்” என்பதோடு பல இடங்களில் பதில் முடிந்துவிடுகிறது. ஆனால், காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்த நோயாளிக்கு இருக்கிறது.

நம் உடம்புக்குள் எந்த உறுப்பும் ஆணி அடித்து மாட்டியது போல இருப்பதில்லை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலை ஒட்டினாற்போல் இருக்கிறது புராஸ்டேட் சுரப்பி. மலக்குடலில் வாயு சேர்ந்தால் அது முன்னால் தள்ளப்படும். வாயு வெளியேறினால் பின்னால் வரும். சில மில்லிமீட்டர் நகர்வுதான், சில சமயம் ஒரு சென்டிமீட்டரையும் எட்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அதன் பெரும்பகுதியும் சிறுகுடலும் கதிரின் பாதையை விட்டு மேலே விலகிவிடுகின்றன. குடிக்கச் சொல்லும் தண்ணீரின் வேலை இதுதான்.

இந்த நகர்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2005இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிகிச்சையைத் திட்டமிட சி.டி. ஸ்கேன் எடுத்த அன்று மலக்குடல் உப்பியிருந்தவர்களுக்கு, நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்தது. உப்பிய மலக்குடல் அன்று புராஸ்டேட்டை முன்னால் தள்ளியிருந்தது. அந்தப் படத்தை வைத்தே வாரக்கணக்கில் கதிர் பாய்ச்சினார்கள். சுரப்பியோ பின்னால் போய்விட்டது.

இப்படித் தவறிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சேர்த்தே கதிர் கொடுப்பது வழக்கம். அந்தக் ‘கொஞ்சம்’ சின்ன விஷயமில்லை. 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான கட்டியைச் சுற்றி 1 சென்டிமீட்டர் சேர்த்தால், கதிர் படும் சதையின் கன அளவு நாலரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். கூடுதலாகச் சேர்ந்தது பெரும்பாலும் நல்ல சதை. பக்கவிளைவுகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஆகவே ஒன்று, உறுப்பை நகர்த்த வேண்டும். இல்லையென்றால், அது நகரும் இடத்துக்கெல்லாம் கதிரும் போக வேண்டும்.

நகர்த்துவதற்கு எளிய வழி மூச்சு. இடது மார்பகத்தில் புற்றுநோய் வந்த பெண்ணை நன்றாக மூச்சை இழுத்து நிறுத்தச் சொல்கிறார்கள். நுரையீரல் விரிய விரிய, இதயம் மார்புச்சுவரை விட்டு விலகிக் கீழே போகிறது. அந்தச் சில விநாடிகளில் கதிர் பாய்ந்து நின்றுவிடும். இதயத்தில் சராசரியாக ஒரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கதிர் கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பாதிப்புகளுக்கான வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது என்று 2013இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதைப் பார்த்தால், இந்த மூச்சுப் பயிற்சிக்குச் செலவிடும் நேரம் எவ்வளவு பயனுள்ளது என்பது விளங்கும். புராஸ்டேட்டுக்கு வேறொரு உபாயம் இருக்கிறது. மலக்குடலுக்கும் சுரப்பிக்கும் நடுவே ஊசி வழியாக ஒரு ஜெல்லைச் செலுத்தி, ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி உண்டாக்குகிறார்கள். சிகிச்சை முடியும்வரை நிற்கும் அந்த ஜெல், சுமார் ஆறு மாதத்தில் உடம்பிலேயே கரைந்துவிடும்.

கட்டியைத் துரத்திப் போகும் வழியில்தான் ரோபோ வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நரம்பியல் அறுவை மருத்துவர் ஜான் ஆட்லர், ஸ்வீடனில் லார்ஸ் லெக்செலிடம் பயிற்சி பெற்றவர். மூளைக்குக் கதிர் கொடுக்க லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் கருவியில் நோயாளியின் மண்டையோட்டில் உலோகச் சட்டத்தைத் திருகி அசையாமல் நிறுத்துவார்கள். தலைக்கு அது சரி. கல்லீரலில் சட்டத்தை எங்கே திருகுவது? கார் தொழிற்சாலைகளில் ஓடுவது போன்ற ரோபோ கையின் நுனியில், கதிரை உண்டாக்கும் கருவியான லீனாக்கைச் சிறிய அளவில் பொருத்தினார் ஆட்லர். 1994இல் ஸ்டான்ஃபோர்டில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது. அதுதான் சைபர்நைஃப். உடம்பின் எந்தப் பகுதிக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அரசு 2001இல் அனுமதி தந்தது. சென்னை அப்பல்லோ மருத்துவமனைக்கு அது 2009இல் வந்து சேர்ந்தது.

நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள கட்டி, ஒவ்வொரு மூச்சுக்கும் ஓரிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரக்கூடியது. அதற்குள்ளோ அருகிலோ சில மில்லிமீட்டர் நீளமுள்ள தங்கத் துணுக்குகளை முதலிலேயே ஊசியால் வைத்துவிடுகிறார்கள். நோயாளி இறுக்கமான ஒரு மேலங்கியுடன் படுத்திருப்பார். அதன்மேல் சிறு விளக்குகள். நெஞ்சு ஏறி இறங்குவதை அந்த விளக்குகளைக் கொண்டு கேமரா இடைவிடாமல் கவனிக்கும். அவ்வப்போது எடுக்கும் எக்ஸ்ரே, தங்கம் எங்கே நிற்கிறது என்று சொல்லும். நெஞ்சு இந்த உயரத்தில் இருந்தால் கட்டி இந்த இடத்தில் இருக்கும் என்று கணினி கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆனால் கணக்கு முடிந்து ரோபோ கை அசைவதற்குள் கட்டி நகர்ந்துவிடுமே! அதனால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குப் பிறகு கட்டி எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து, கையை அங்கே அனுப்புகிறது. நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம். இருமல் வந்து கணக்கு பிசகினால் கதிர் நின்றுவிடும். கதிர்வீச்சு மருத்துவத்தில் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடுகள் அதிகம் இல்லை.

இடம் துல்லியமாகத் தெரிந்துவிட்டால், சுற்றிலும் சேர்க்கும் இடத்தைக் குறைக்கலாம். ஒரே நாளில் அதிகக் கதிரும் கொடுக்கலாம். பிரிட்டனில் தொடங்கி நடந்த பேஸ்-பி என்ற ஆய்வின் முடிவு 2024இல் வந்தது. புராஸ்டேட்டுக்குள்ளேயே நோய் நின்றுவிட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு 20 அல்லது 39 சிட்டிங், இன்னொரு பிரிவினருக்கு 5 சிட்டிங். ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் 94.6 சதவீதம், இரண்டாவதில் 95.8 சதவீதம். வெளியூரிலிருந்து வந்து, ஆஸ்பத்திரி பக்கத்தில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கும் குடும்பத்துக்கு 39க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 5 சிட்டிங் எல்லோருக்கும் சைபர்நைஃபில் நடக்கவில்லை. பலருக்கு ரோபோ கை இல்லாத லீனாக்கில்தான் நடந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் படம் எடுத்து, அன்றைக்குப் புராஸ்டேட் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே கதிரைத் திறந்தார்கள்.