சுவரில் உரசினால் என்ன ஆக வேண்டும்?

கார் பந்தய கேம் ஆடுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் முட்டிய கார் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்ப ஓடுகிறதே, இது என்ன பந்தயம்? நியாயமான கேள்விதான். ஆனால் “ஆமாம், நிஜக் கார் மாதிரியே நசுங்கத்தான் வேண்டும்” என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நிஜத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022 அக்டோபர் 30. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள மார்ட்டின்ஸ்வில் தடம். நாஸ்கார் எனப்படும் அமெரிக்கக் கார் பந்தயங்கள் நடக்கும் ஓவல் (முட்டை வடிவ) தடங்களில் மிகச் சிறியவற்றில் ஒன்று, ஒரு சுற்று அரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த ஆண்டின் கடைசிக்கு முந்தைய பந்தயம் அது. அடுத்த வாரம் நடக்கும் கடைசிப் பந்தயத்தில் நான்கு பேர் மட்டுமே பட்டத்துக்குப் போட்டியிட முடியும் என்பது அப்போதைய விதி. அந்த நால்வரில் ஒருவராக வர ராஸ் சாஸ்டெய்ன் என்ற ஓட்டுநருக்கு இன்னும் இரண்டு இடம் தேவைப்பட்டது. அவர் இருந்தது பத்தாவது இடம். மீதியிருந்தது கடைசிச் சுற்றின் கடைசி வளைவு.

எல்லோரும் பிரேக் பிடிக்கிற அந்த இடத்தில் அவர் ஐந்தாவது கியருக்கு மாற்றி, ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே காரின் வலப்பக்கத்தை வெளிச்சுவரில் சாய்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். வளைவில் காரைத் திருப்பும் வேலையைச் சுவரே பார்த்துக்கொண்டது. ஐந்து கார்களைத் தாண்டி ஐந்தாவதாகக் கோட்டைக் கடந்தார். அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 18.845 விநாடி. நாஸ்காரின் முதல் நிலைக் கார் எதுவும் அதற்குமுன் அந்தத் தடத்தை அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை. எப்படித் தோன்றியது என்று கேட்டபோது, சின்ன வயதில் கேம்கியூப் என்ற கேம் கருவியில் தம்பியோடு ஆடிய ‘நாஸ்கார் 2005’ கேமைச் சொன்னார். அந்த கேமில் சுவரில் சாய்ந்து போவது ஒரு வழி. அங்கே வந்த பழக்கம் இங்கே கை கொடுத்தது.

இதைக் கேட்டதும், கேமில் சேதம் சரியாக இல்லாததால்தான் இப்படி ஆயிற்று என்று தோன்றும். பாதி உண்மை. ஆனால் மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்ட்டின்ஸ்வில் சுவர் நிஜச் சுவர், கார் நிஜக் கார். அதன் வலப்பக்கம் கிழிந்து நசுங்கியது. இதைவிடத் தத்ரூபமான சேதம் எந்த கேமிலும் வராது. அப்படியிருந்தும் அது அவரைத் தடுக்கவில்லை. காரணம், முடிவுக்கோடு பக்கத்திலேயே இருந்தது. நசுங்கிய காரை அதன்பிறகு ஒரு வளைவுகூட அவர் ஓட்ட வேண்டியிருக்கவில்லை. இதையே பத்தாவது சுற்றில் செய்திருந்தால் பதினோராவது சுற்றை முடித்திருக்க மாட்டார்.

ஆக, ஒடுக்கு எவ்வளவு அழகாக விழுகிறது என்பது அடுத்த விஷயம். அடிபட்ட பிறகு அந்தக் காரோடு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது? கேமில் சேதம் முக்கியமா இல்லையா என்பதை முடிவு செய்வது இந்தக் கேள்விதான்.

பழைய கேம்களிலிருந்து பார்த்தால் இது தெளிவாகும். 1982-ல் நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ கேமில் விளம்பரப் பலகையிலோ இன்னொரு காரிலோ இடித்தால் கார் வெடித்துவிடும், சில விநாடியில் புதுக் கார் வந்து நிற்கும். 1986-ல் சேகா வெளியிட்ட ‘அவுட்ரன்’னில் கார் குட்டிக்கரணம் அடிக்கும், உள்ளே இருக்கும் இருவரும் ரோட்டில் உருளுவார்கள், எழுந்து மறுபடி கிளம்புவார்கள். இரண்டிலும் உண்மை துளிகூட இல்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரத்தில் விலைமதிப்பில்லாத விநாடிகள் போய்விடும். இடிக்காதே என்று ஆடுபவருக்குச் சொல்ல அதுவே போதுமாக இருந்தது.

1997-ல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’ காரின் எடை, டயரின் பிடி, சஸ்பென்ஷன் அசைவு என்று எத்தனையோ விஷயங்களில் நிஜத்தை நெருங்கியது. அதை உருவாக்கிய கசுநோரி யமவுச்சியின் குழு காரை நேசித்த விதம் ஒவ்வொரு மாடலிலும் தெரியும். ஆனால் அந்த அருமையான கார்களுக்கு அடியே படாது. சுவரில் தேய்த்தபடி வளைவில் திரும்பினால், முறையாகப் பிரேக் பிடித்துத் திரும்பியவரைவிட நீங்கள் முன்னால் போகவும் கூடும். பழைய கேம் வாங்கிய அந்த விநாடி அபராதத்தைக்கூட இது வாங்கவில்லை. எனக்கு இதில் உறுத்துவது கீறல் விழாதது அல்ல. நன்றாக ஓட்டியவருக்கு இழைக்கப்படும் அநியாயம்தான் உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் சேதம் அந்த வரிசையில் 2010-ல், ஐந்தாம் பாகத்தில்தான் வந்தது. அப்போதும் கொஞ்சமாகத்தான்.

ஏன் இவ்வளவு தயக்கம்? ஒரு காரணம் கார் நிறுவனங்கள். தங்கள் காரின் பெயரையும் வடிவத்தையும் கேமில் பயன்படுத்த உரிமம் தருபவர்கள் அவர்கள். பம்பர் தொங்கலாம், கண்ணாடி உடையலாம். ஆனால் ஆள் உட்காரும் கூடு நசுங்குவதைக் காட்டப் பலரும் சம்மதிப்பதில்லை. காரைப் பணம் கொடுத்து வாங்கப் போகிறவர் அந்தக் காட்சியைப் பார்ப்பதை எந்தக் கம்பெனிதான் விரும்பும்? அதனால்தான் மோதலையே முதலாக வைத்த கேம்களில் பெரும்பாலும் கற்பனைக் கார்கள் ஓடுகின்றன. ‘பர்ன்அவுட்’ அப்படி, ‘ரெக்ஃபெஸ்ட்’ அப்படி, ‘பீம்என்ஜி டிரைவ்’வும் அப்படித்தான்.

பீம்என்ஜி பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பிரெமென் நகரத்துக் குழு ஒன்றின் படைப்பு அது. சேதம் எப்படி உருவாக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை. சாதாரணமாக ஒரு கேமில் கார் என்பது உறுதியான ஒரே பொருள். இடித்ததும் ‘முன்பக்கச் சேதம் 30 சதவீதம்’ என்பதுபோல ஓர் எண் ஏறும். எண் ஓர் அளவைத் தாண்டினால், முழு பம்பரை எடுத்துவிட்டு உடைந்த பம்பரின் படத்தை ஒட்டுவார்கள். எங்கே, எந்தக் கோணத்தில் இடித்தீர்கள் என்பது பெரிதாகக் கணக்கில் வராது. பீம்என்ஜியில் காரே வேறு மாதிரி கட்டப்பட்டிருக்கிறது. எடையுள்ள நூற்றுக்கணக்கான புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஆயிரக்கணக்கான கம்பிகள். ஒரு கயிற்றுக் கட்டிலில் ஓரிடத்தில் முழங்காலை ஊன்றினால் இழுவை கட்டில் முழுக்கப் பரவுமே, அதுபோல ஒரு புள்ளியில் விழுந்த அடி எல்லாக் கம்பிகளுக்கும் போகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் வளையும் எல்லை ஒன்று, அறுந்துபோகும் எல்லை ஒன்று. இந்தக் கணக்கை விநாடிக்கு 2000 முறை போடுகிறது கணினி. அதனால் ஒரு கம்பத்தில் இடித்த கார் கம்பத்தின் அகலத்துக்கே குழிகிறது. சக்கரத்தைத் தாங்கும் தண்டு வளைந்தால் கார் ஒருபக்கமாக இழுக்கிறது. அது இழுக்க வேண்டும் என்று யாரும் தனியாக எழுதி வைக்கவில்லை, வளைந்த தண்டு இழுக்கத்தானே செய்யும்!

பார்க்கப் பார்க்க அலுக்காத பொறியியல் அது. இருந்தாலும் பலரும் அதில் என்ன செய்கிறார்கள்? மலையுச்சியிலிருந்து காரை உருட்டிவிடுகிறார்கள், நசுங்குவதை மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கிறார்கள், ஒரு பொத்தானை அழுத்திப் புதுக் காராக்கி மறுபடி உருட்டுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் உலகத்திலேயே மிகத் தத்ரூபமான சேதம் அங்கே ஒரு வேடிக்கையாக நின்றுவிடுகிறது. பந்தயம் ஓடுகிறவரின் வயிற்றில் அது பயத்தை வைப்பதில்லை.

அந்தப் பயத்தை நான் பார்த்தது ராலி கேம்களில். 1998-ல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட ‘காலின் மெக்ரே ராலி’, பிறகு அதே நிறுவனத்தின் 2015 வெளியீடான ‘டர்ட் ராலி’. ராலி என்றால் ஒரே தடத்தைச் சுற்றிச் சுற்றி வருவது இல்லை. காட்டுப் பாதை, மலைப் பாதை என்று துண்டு துண்டாகப் பல கட்டங்கள். கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும், கடிகாரம்தான் எதிரி. கட்டங்களுக்கு இடையே எப்போதாவதுதான் பழுது பார்க்க நிறுத்துவார்கள். அதற்கும் நேரம் அளந்துதான் கிடைக்கும்.

இப்போது பாருங்கள், ஒரு சின்ன உரசல் என்னவாகிறது என்று. இரண்டாம் கட்டத்தில் ஒரு பாறையில் முன்பக்கம் லேசாகத் தட்டுகிறது. ரேடியேட்டரில் அடி. அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் கட்டத்தின் ஏற்றத்தில் என்ஜின் சூடேறி இழுவை குறைகிறது. கூடவே ஒரு முன்விளக்கும் உடைந்திருக்கிறது, அடுத்த கட்டமோ இரவு. பட்டறை நேரத்துக்குள் ரேடியேட்டரைச் சரிசெய்வதா, விளக்கையா, கோணிப்போன சஸ்பென்ஷனையா? எல்லாவற்றையும் பார்த்தால் நேரம் மீறி அபராதம் சேரும். ஏதோ ஒன்றை விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். விட்டது எது என்று அடுத்த பத்து கிலோமீட்டரும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். 1998-ம் ஆண்டு கேமின் வரைகலையை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள், அதில் ஒடுக்கு விழும் அழகும் சுமார்தான். ஆனால் அங்கே ஒரு தவறு கடைசிவரை உங்களோடு பயணம் செய்யும். வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் ஒரு திறமை என்று எனக்குக் காட்டியது அந்த வகை கேம்தான்.

இதற்கு நேர்எதிரானது காலத்தைப் பின்னோக்கி உருட்டும் பொத்தான். 2008-ல் ‘கிரிட்’, 2009-ல் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் 3’ ஆகியவற்றில் வந்து பரவலானது. இடித்தீர்களா, சில விநாடி பின்னால் போங்கள், இடிக்காதது மாதிரி ஓட்டுங்கள். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பெரிய உதவி. அரைமணி நேரப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் சறுக்கிய ஒரு பள்ளிப் பிள்ளையை அழ வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தப் பொத்தான் இருக்கும்போது சேதத்துக்காக ஒரு குழு ஆண்டுக்கணக்கில் உழைத்ததெல்லாம் வீண். உடைந்த கண்ணாடியை இரண்டு விநாடி பார்த்துவிட்டு அதை அழித்துவிடுகிறோம். டர்ட் ராலி அந்தப் பொத்தானை வைக்கவே இல்லை. அதன் சேதத்துக்கு மதிப்பு வந்ததில் பெரும்பங்கு இதற்கு உண்டு என்பேன்.

இணையத்தில் மனிதர்களோடு மனிதர்கள் ஓட்டும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. முதல் வளைவில் ஒருவர் பிரேக்கே பிடிக்காமல் உங்கள் காரின் பின்னால் வந்து மோதுகிறார். சேதம் முழு அளவில் இருந்தால் உங்கள் பந்தயம் அங்கேயே முடிந்தது. அவருக்கோ முன்பக்கம் கொஞ்சம் நசுங்கியிருக்கும். சேதத்தையே நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம், உங்கள் காரை முட்டுக்கட்டையாக வைத்து அவர் வளைவைத் திரும்பிவிடுவார். இயற்பியலுக்கு யார் குற்றவாளி என்று தெரியாது, அடி வாங்கியவன்மேலும் அது அதே கணக்கில்தான் இறங்கும்.

2008-ல் தொடங்கிய அமெரிக்க இணையப் பந்தயச் சேவையான ஐரேசிங் இதற்கு எடுத்த வழி கவனிக்கத்தக்கது. தடத்தை விட்டு வெளியே போனால் 1 புள்ளி, கட்டுப்பாடு இழந்து சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக மோதினால் 4 என்று குற்றப் புள்ளிகள் ஏறும். தவறு யாருடையது என்று பார்ப்பதில்லை, இருவருக்கும் ஏறும். புள்ளிகள் கூடினால் உங்கள் பாதுகாப்பு மதிப்பீடு இறங்கும், அது இறங்கினால் அங்கே உங்களுக்குள்ள ஓட்டுநர் உரிமத்தின் தரமும் கீழே போகும், நல்ல பந்தயங்களில் சேர முடியாது. அடிபட்டவருக்கும் புள்ளி ஏறுகிறதே என்று கோபம் வருவது இயல்பு. ஆனாலும் அதன் பலன் தெரிகிறது: பக்கத்தில் தடுமாறும் காருக்கு இடம் விட்டு விலகக் கற்றுக்கொள்கிறார்கள். பந்தயம் முடிந்த பிறகும் தொடர்கிற விலை இது. நாஸ்காரும் இந்த வழியில்தான் போனது. சுவர் கேட்காத விலையை விதி கேட்கும்படி, 2023 ஜனவரியில், பாதுகாப்பு குறித்து ஏற்கெனவே இருந்த விதியின்கீழ் சாஸ்டெய்ன் செய்தது போன்ற சுவர்ச் சவாரிக்கு இனி அபராதம் என்று அறிவித்தது.

‘பர்ன்அவுட்’ மாதிரி மோதுவதே விளையாட்டாக உள்ள கேம்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கண்ணாடி தெறிப்பதும் தகடு மடங்குவதும்தான் பரிசு, அதை எவ்வளவு கண்கொள்ளாக் காட்சியாக்கினாலும் தகும். மற்றபடி பந்தயம் என்று பெயர் வைத்துக்கொண்ட எந்த கேமிலும், நசுங்குவதற்குச் செலவழிக்கும் உழைப்பில் பாதியை நசுங்கிய காரோடு மீதித் தூரம் ஓட்டுவதற்குச் செலவழிக்கட்டும் என்பதுதான் என் தீர்ப்பு.

வீட்டில் இப்படி ஒரு கேம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். செட்டிங்கில் சேதத்தை முழு அளவுக்கு வையுங்கள், பின்னோக்கி உருட்டும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள், மூன்று சுற்றுப் பந்தயம் வேண்டாம், இருபது சுற்றாவது ஓடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, நடுவில் எது நடந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் கடைசிக் கோடு வரை ஓட்டுங்கள்.