ஒட்டுப்போட்ட கம்ப்யூட்டர்கள்

பழைய பாகங்களைப் பொருத்திப் பள்ளிகளுக்கு மலிவான டெர்மினல் செய்யும் வழி எப்போதோ வந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தாராவியின் 13-ம் காம்பவுண்டில் கம்ப்யூட்டரின் கடைசிக் காட்சியைப் பார்க்கலாம். உடைந்த மானிட்டர் கூடுகளும் கீபோர்டுகளும் நிறம் பார்த்துப் பிரிக்கப்பட்டு, அரவை இயந்திரத்தில் சில்லுகளாகி, கழுவிக் காயவைக்கப்பட்டு, மூட்டை மூட்டையாகக் கிளம்புகின்றன. சற்றுத் தள்ளி மாநகராட்சிப் பள்ளிகள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பாடம் நடத்துகிறது. அதில் தமிழும் ஒன்று. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, பெஞ்சில் உட்கார்ந்து தட்டிப் பழக ஒரு கீபோர்டு கிடைப்பது இன்றும் அரிது. தெருவில் அரைபடும் பொருளே வகுப்பறைக்கும் வேண்டும் என்பதுதான் வேடிக்கை.

இரண்டையும் இணைக்கும் தொழில்நுட்பம் புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் மெக்குயிலன் 1999ல் லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். அதன் தத்துவம் எளிது: வயதான கம்ப்யூட்டரைத் தனியாக ஓடச் சொல்லாதே, ஓட்டத்தை ஒரு வலுவான சர்வர் பார்த்துக்கொள்ளட்டும். பழைய பெட்டி திரையைக் காட்டினால் போதும், தட்டும் எழுத்தைச் சர்வருக்கு அனுப்பினால் போதும். சர்வருக்கு 256 எம்.பி. நினைவகம், அதற்கு மேல் டெர்மினல் ஒன்றுக்கு 50 எம்.பி. என்பது அந்நாளைய தோராயக் கணக்கு. அதாவது ஒன்றேகால் ஜி.பி. இருந்தால் 20 பிள்ளைகள் உட்காரலாம்.

டெர்மினலுக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டியதில்லை. பழைய கம்ப்யூட்டரில் அடிக்கடி கெடும் பாகங்களில் ஒன்று அது என்பதால் இது சிறிய லாபமல்ல. ஸ்விட்சைப் போட்டதும் நெட்வொர்க் கார்டு, "எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்" என்று கேபிள் வழியே குரல் கொடுக்கும். சர்வர் முகவரியைத் தந்து, லினக்ஸின் கருவையும் அனுப்பிவைக்கும். அந்த வசதி இல்லாத பழைய கார்டுகளுக்கு ஒரு ஃப்ளாப்பியோ, கார்டில் செருகும் சின்ன ராம் சில்லோ—நினைவகமான ரேம் அல்ல, நிரல் பதித்த ரீட் ஒன்லி வகை—போதுமானதாக இருந்தது.

பாகங்கள் பொருந்தாததுதான் நிஜமான தலைவலி. ஏ.டி. ரக மதர்போர்டுக்கு ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளை சேராது. எஸ்.டி.ரேம் செருகும் இடத்தில் டி.டி.ஆர். நுழையாது, பள்ளம் இடம் மாறியிருக்கும். கீபோர்டின் முனை ஒன்று பெரிய வட்டம், இன்னொன்று சின்ன வட்டம். ஒரு மானிட்டர் 800-க்கு 600 புள்ளிகளோடு திருப்திப்படும். பக்கத்து மானிட்டர் அதற்கு மேலும் தாங்கும். தவறாகச் சொன்னால் திரை இருண்டுவிடும்.

வன்பொருள் சண்டைகளை ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்துதான் தீர்க்க வேண்டும். மிச்சத்தைச் சர்வரில் உள்ள ஒரே ஒரு கோப்பு தீர்த்துவைத்தது. ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் பிறவி எண் ஒன்று உண்டு. அந்த எண்ணைத் தலைப்பாகப் போட்டு, இந்தப் பெட்டிக்கு இந்தத் திரை அளவு, இந்த மவுஸ் என்று எழுதிவைத்தால் முடிந்தது. இருபது பெட்டியும் இருபது ஜாதியாக இருந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரிவது ஒரே திரை. அந்தத் திரை தமிழிலும் இருக்க முடிந்தது: லினக்ஸில் ஓடும் கே.டி.இ. மேசைத்தளத்தைத் தன்னார்வலர்கள் 2000-களின் தொடக்கத்திலேயே தமிழாக்கியிருந்தார்கள்.

பழைய பாகங்களுக்கு மும்பையில் பஞ்சம் வந்ததில்லை. தாராவியிலிருந்து ரயில் பாதையைத் தாண்டினால் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ.; செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி; கிராண்ட் ரோடு அருகே, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் வரிசைகட்டும் லாமிங்டன் ரோடு. இவை போக எண்ணற்ற அலுவலகங்கள். வருமான வரிச் சட்டம் கம்ப்யூட்டருக்கு நீண்டகாலம் ஆண்டுக்கு 60 சதவீதத் தேய்மானம் அனுமதித்தது (2017-18 முதல் 40). 40,000 ரூபாய்ப் பெட்டி மூன்றே ஆண்டில் கணக்குப் புத்தகத்தில் 2,560 ரூபாயாகச் சுருங்கிவிடும். தூக்கிப்போட யாருக்கும் மனம் வலிக்காது.

இதைத் தொழிலாக்கப் பார்த்தவரும் மும்பைக்காரர்தான். 1999ல் இந்தியாவேர்ல்டு இணையதளங்களைச் சத்யம் இன்ஃபோவேக்கு 499 கோடி ரூபாய்க்கு விற்றுப் பெயர் பெற்ற ராஜேஷ் ஜெயின், 2000-களின் தொடக்கத்தில் தமது நெட்கோர் நிறுவனத்தின் மூலம் பழைய கம்ப்யூட்டர், லினக்ஸ், ஒரு கனத்த சர்வர் என்ற இதே சூத்திரத்தை முன்வைத்தார். 5,000 ரூபாய்க் கம்ப்யூட்டர் என்பது அவரது முழக்கம். பிறகு சென்னை ஐ.ஐ.டி.யின் அசோக் ஜுன்ஜுன்வாலா, அனலாக் டிவைசஸ் நிறுவனர் ரே ஸ்டாட்டா ஆகியோரோடு அவர் சென்னையில் தொடங்கிய நோவாட்டியம், பழையதை விட்டுப் புதிதாகவே மலிவு டெர்மினல் செய்தது. அதற்குள் லேப்டாப் விலை இறங்கியது. செல்போன் பைக்குள் புகுந்துவிட்டது. கோவாவில் வெளிநாட்டுப் பழைய கம்ப்யூட்டர்களைக் கப்பலில் வரவழைத்து, லினக்ஸ் ஏற்றிப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள்.

கொடுப்பது ஒரு நாள் வேலை. ஓடவைப்பது தினசரி வேலை. கேபிளை எலி கடிக்கும். பருவமழையில் இணைப்புகள் துருப்பிடிக்கும். 2000-களின் முதற்பாதியில் வந்த பல மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பி வெடித்தன. சர்வர் படுத்தால் இருபது திரையும் ஒரே நேரத்தில் படுக்கும். கணக்கு வாத்தியாரே கம்ப்யூட்டர் வாத்தியாராகவும் இருக்கும் பள்ளியில் அன்றோடு அறை பூட்டப்படும். 2015ல் மும்பை மாநகராட்சி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுமார் 22,000 டேப்லெட்டுகள் வழங்கியது. புத்தகச் சுமை குறைந்தது உண்மை. ஆனால் டேப்லெட்டின் திரை உடைந்தால் பள்ளியில் வைத்துத் திறந்து பார்க்க வழியில்லை. கேரளத்தின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் இதை வேறு விதமாக அணுகியது: ஹார்ட்வேர் கிளினிக்குகள் நடத்தி, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு பள்ளிக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்த்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கம்ப்யூட்டர்கள் அலுவலகங்களிலிருந்து வெளியேறுகின்றன. மெக்குயிலனின் மென்பொருள் 2019ல் கிரேக்கப் பள்ளிகளோடு பணியாற்றும் அல்கிஸ் ஜார்ஜோபுலோஸின் முயற்சியில் புதிதாக எழுதப்பட்டது. இப்போது நிரலை டெர்மினலே ஓட்டும், சர்வர் டிஸ்க்கை மட்டும் பகிரும். வெளியேறும் பெட்டிகளுக்கு இது எளிதான சுமை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, புதுப்பித்துக் கொடுப்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். சந்துக்குள் ஒற்றை அறையில் சால்டரிங் கோலோடு உட்காருபவருக்கு அந்தப் படிவம் மதர்போர்டைவிடச் சிக்கலானது. உப்பிய கெப்பாசிட்டரைக் கழற்றிப் புதியதை வைக்க அவருக்குச் சில நிமிடங்கள் போதும்.