பிரசவ முதுகு வலிக்குத் தண்ணீர் ஊசி



பிரசவ நேரத்தில் சில தாய்மார்களுக்கு வயிற்றைவிட அடிமுதுகுதான் அதிகமாக வலிக்கும். குழந்தையின் பின்னந்தலை தாயின் முதுகெலும்புப் பக்கம் திரும்பியிருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஸ்வீடன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் இதற்கு ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். கிருமி நீக்கிய வெறும் தண்ணீரை, அடிமுதுகில் நான்கு இடங்களில், சுமார் 0.1 மில்லிலிட்டர் வீதம் தோலுக்குள் ஊசியாகப் போடுகிறார்கள். அரை நிமிடம்போல, குளவி கொட்டியதுபோலச் சுரீரென்று எரியும். பிறகு பலருக்கு முதுகு வலி தணிந்து, 2 மணி நேரம் வரைகூட நிம்மதி கிடைக்கும். மருந்து கலக்காததால் தாய்க்கு மயக்கம் வராது. தேவையானால் மறுபடியும் போடலாம். ஆனால் வயிற்று வலியை இது குறைக்காது.

ஊசி கிடைக்காத இடத்திலும் வழி உண்டு. வலி எழும்போதெல்லாம் துணைக்கு இருப்பவர் உள்ளங்கையால் அடிமுதுகை அழுத்திப் பிடிக்கலாம். தாய் கையும் முழங்காலும் ஊன்றிக் குனிந்திருந்தாலும் பாரம் குறையும்.

பிரசவ வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் மருத்துவமனையில் என்னென்ன வழிகள் உண்டு என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.